களை மருந்து

ஹீமோகுளோபின் எட்டு என்று சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டால் அடுத்து வரும் வாக்கியம் எல்லா இடத்திலும் ஒன்றுதான்: “கீரை நிறைய சாப்பிடும்மா.” டாக்டர் சொல்வார், நர்ஸ் சொல்வார், மாமியார் சொல்வார், பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர்கூடச் சொல்வார். பெரம்பலூர் மாவட்டம் குன்னம் வட்டாரத்தில் களை எடுக்கப் போகும் ஒரு பெண்ணிடம் இதைச் சொன்னார்களாம். அதை என்னிடம் சொல்லிவிட்டு அவர் கேட்டது இன்னும் என்னை விடவில்லை. “கீரைக்கு நான் எங்கக்கா போறது? வரப்பு வரைக்கும் மருந்தடிச்சுப் போட்டாங்களே.”

மருந்து என்பது நம் மொழியில் ஒரு விசித்திரமான சொல். காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்து, பருத்திக்கு அடிப்பதும் மருந்து. ‘மருந்தக் குடிச்சிட்டா’ என்று ஊரில் ஒருத்தியைப் பற்றிச் சொன்னால் அவள் குணமாகிவிட்டாள் என்று யாரும் நினைக்கமாட்டார்கள். ஆஸ்பத்திரிக்கு ஓடுவார்கள். கல்யாணமான மகன் பெண்டாட்டி பேச்சைக் கேட்டால் ‘சோத்துல மருந்து வச்சிட்டா’ என்பார்கள். அப்படி வைத்த மருந்தை எடுப்பதற்கென்றே பலகை மாட்டி உட்கார்ந்திருப்பவர்கள் இன்றும் உண்டு. சமைக்கிறவள் கையில் இருப்பது உயிரைக் காப்பதா எடுப்பதா என்ற சந்தேகம் சொல்லுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. இந்தச் சொல்லை வைத்துக்கொண்டுதான் ‘உணவே மருந்து’ என்று மேடைக்கு மேடை முழங்குகிறோம். அந்த முழக்கத்தோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. அது யாரைப் பார்த்துச் சொல்லப்படுகிறது, அதைச் செய்து முடிக்க வேண்டியது யார் என்பதுதான் வழக்கு.

அந்தப் பெண் எந்தக் கீரையைச் சொன்னார் என்பதிலிருந்து தொடங்குகிறேன். கரிசலும் செம்மண்ணுமாக மழையை நம்பிக் கிடக்கும் பூமி பெரம்பலூர். முன்பு கம்பு, சோளம், வரகு, ஊடே துவரை. பிறகு பருத்தி. செட்டிகுளம் பக்கம் சின்ன வெங்காயம். இப்போது கண்ணுக்கெட்டிய வரை மக்காச்சோளம். ஆவணி, புரட்டாசி மழையில் விதைத்து இருபது நாள் ஆனதும் களைக்கொத்தோடு பெண்கள் வரிசையாக இறங்குவார்கள். காலடியில் பண்ணைக்கீரை, குப்பைக்கீரை, தொய்யக்கீரை, சாரணை, மூக்கிரட்டை. காட்டுக்காரருக்கு அது களை. குனிந்து வெட்டுகிறவளுக்கு அது ராத்திரிக் குழம்பு. வெட்டுகிற கையே கொழுந்தைக் கிள்ளி மடியில் போட்டுக்கொள்ளும். இதற்காக யாரிடமும் கேட்டதில்லை, யாரும் கணக்குப் பார்த்ததுமில்லை. வேலியில் முடக்கத்தான், தூதுவளை, பிரண்டை, கோவை. வாய்க்கால் ஈரத்தில் பொன்னாங்கண்ணியும் கரிசலாங்கண்ணியும். அரியலூரைத் தாண்டித் திருமானூர், தா.பழூர் என்று கொள்ளிடக் கரைக்குப் போனால் வல்லாரை. பாத்திரம் துலக்கும் தண்ணீர் ஓடுகிற இடத்தில், யாரும் நடாமலே, மணத்தக்காளி.

இவற்றை ‘மூலிகை’ என்று அந்தப் பெண்கள் சொல்லி நான் கேட்டதில்லை. கீரை, அல்லது தழை. அவ்வளவுதான். மூலிகை என்ற சொல் டவுனிலிருந்து பொட்டலத்தில் அடைத்து வருவது. ஆனால் எது எதற்கு என்பது தெரியும். சளி கட்டினால் தூதுவளை ரசம். முட்டி வலித்தால் முடக்கத்தானை அரைத்துத் தோசை மாவில் கலப்பது. வாய்ப்புண்ணுக்கு மணத்தக்காளியைப் பாசிப்பருப்போடு கூட்டு வைப்பது. பசி மந்தத்துக்குப் பிரண்டை. அதிலும் இளம் பிரண்டையாகப் பார்த்து, கணுவை நீக்கி, நார் உரித்து, நல்லெண்ணெயில் நன்றாக வதக்கிப் புளி சேர்த்தால்தான் துவையல். கையில் எண்ணெய் தடவாமல் நறுக்கினால் அரிப்பு எடுக்கும், வதக்காமல் அரைத்தால் நாக்கு நமைக்கும். பிரண்டையில் இருக்கும் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள்தான் அந்த அரிப்புக்குக் காரணம் என்று பாடப்புத்தகம் பிற்பாடு சொல்லிக்கொடுக்கிறது. கீரையில் உள்ள இரும்பு உடம்பில் ஒட்ட வேண்டுமானால் கூடவே புளிப்பு வேண்டும், எலுமிச்சை, நெல்லி, தக்காளியில் உள்ள வைட்டமின் சி வேண்டும் என்பதும் அப்படியே. பண்ணைக்கீரையைப் புளி போடாமல் கடைந்த பெண்ணை நான் பார்த்ததில்லை.

சரி, களைக்கு வருகிறேன். இப்போது மக்காச்சோளம் விதைத்த மூன்றாம் நாள், மண் ஈரமாக இருக்கும்போதே, அட்ரசின் என்ற களைக்கொல்லியை அடித்துவிடுகிறார்கள். களை முளைக்கும் முன்பே அது வேலையைத் தொடங்கிவிடும். அகன்ற இலைச் செடிகளைத்தான் அது முக்கியமாகக் கொல்கிறது. கோரைக்கு ஒன்றும் ஆவதில்லை. நாம் தின்னக்கூடிய கீரை அத்தனையும் அகன்ற இலை. நிலத்தடி நீரில் கலக்கிறது என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் 2004-இல் விலக்கிவிட்ட மருந்து இது. இங்கே உரக்கடையில் சாதாரணமாகக் கிடைக்கிறது. 2018-இல் படைப்புழு வந்த பிறகு மக்காச்சோளத்துக்குப் பூச்சிமருந்து அடிப்பதும் சேர்ந்துகொண்டது. அப்படி அடித்த காட்டின் வரப்பில் ஏதாவது முளைத்திருந்தாலும் அதைக் கிள்ளி எடுத்துப்போய்ப் பிள்ளைக்குக் கொடுக்க எந்தத் தாய்க்கு மனம் வரும்? அரியலூர்ப் பக்கம் வேறு கதை. சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் சாலையோரத்தில் முருங்கை இலையே சாம்பல் பூத்து நிற்கிறது.

களைக்கொல்லி வந்ததற்காகப் பெண்கள் எல்லாரும் அழுதார்கள் என்று எழுதினால் அது பொய். காலையிலிருந்து மதியம் வரை குனிந்தபடி களை வெட்டுவது எப்படிப்பட்ட வேலை என்பதை வெட்டியவர்களிடம் கேட்க வேண்டும். இடுப்பு விட்டுப்போகும். அடி இறங்கியவர்கள், கர்ப்பப்பையை எடுத்தவர்கள், மாதவிடாய் நாளில் துணி மாற்ற மறைவில்லாமல் நின்றவர்கள் எல்லாரும் அந்த வரிசையில் இருந்தார்கள். “போய்த் தொலையட்டும் அந்தக் களை” என்று என்னிடம் சொன்ன ஆயாவும் உண்டு. கீரைக்காகப் பெண்கள் என்றென்றைக்கும் குனிந்தே நிற்க வேண்டும் என்று கேட்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது? பழைய வாழ்க்கை ஆரோக்கியமானது என்று நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறவர்கள் யாருடைய முதுகை வைத்து எழுதுகிறார்கள் என்பதைக் கொஞ்சம் திரும்பிப் பார்க்கலாம்.

ஆனாலும் நடந்த மாற்றத்தின் கணக்கைப் போட்டுப் பார்க்கத்தான் வேண்டும். ஓர் ஏக்கரில் எட்டுப் பத்துப் பெண்கள் செய்த வேலையை முதுகில் டேங்க் மாட்டிய ஓர் ஆண் ஒரு பொழுதில் முடிக்கிறார். பத்துப் பேரின் கூலி போயிற்று. அந்தக் கூலியோடு மடியில் வந்த கீரையும் போயிற்று. டேங்க் மாட்டியவரும் தப்பவில்லை. 2017-இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்தவர்களில் 20 பேருக்கு மேல் இறந்தது நாடு முழுக்கச் செய்தியானது. அந்தப் பருவத்தில் பெரம்பலூர் மாவட்டத்திலும் பருத்திக்கு மருந்தடித்தவர்கள் செத்தார்கள். விளைந்த மக்காச்சோளமோ நாமக்கல் பக்கத்துக் கோழிப்பண்ணைகளுக்குத் தீவனமாகப் போகிறது. அந்தக் கோழி இட்ட முட்டை சத்துணவில் பிள்ளையின் தட்டுக்கு வந்து சேர்கிறது. மிக நல்ல காரியம். அந்தப் பிள்ளையின் அம்மா தட்டு இந்தப் பாதையில் எங்குமே குறுக்கிடவில்லை.

இப்போது அந்தச் சீட்டுக்கு வருவோம். ஹீமோகுளோபின் எட்டு. கீரை சாப்பிட்டால் ஏறிவிடுமா?

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி வளர்ந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்புச்சத்து தேவை. ஆணுக்கு 19. நூறு கிராம் பச்சை முருங்கைக்கீரையில் இருப்பது சுமார் நாலரை மில்லிகிராம். ஐந்து பேருக்குக் கடைந்த கீரையில் கடைசியாகச் சாப்பிடுகிறவளுக்கு மிஞ்சுவது ஐம்பது கிராம் என்றே தாராளமாக வைத்துக்கொள்வோம். அவளுக்கு வேண்டியதில் பன்னிரண்டில் ஒரு பங்குகூட அது இல்லை. செடியிலிருந்து வரும் இரும்பில் உடம்பு ஏற்றுக்கொள்வதும் நூற்றுக்குச் சிறு பங்குதான். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அதுவும் குறையும். காட்டு வேலையில் பசியை அடக்குவதே அந்த டீதான். ஆக, கீரை நல்ல உணவு. ஃபோலேட், வைட்டமின் ஏ, கால்சியம், நார்ச்சத்து எல்லாம் அதில் உண்டு. கம்பும் பருப்பும் முட்டையும் மீனும் இருக்கிற தட்டில் கீரையும் இருந்தால் அதற்கு மதிப்பே தனி. ரேஷன் அரிசிச் சோற்றையும் தண்ணிக் குழம்பையும் வைத்துவிட்டு, மிச்சத்தையெல்லாம் ஒரு பிடி இலை சரிக்கட்டிவிடும் என்று சொல்வது வேறு. அந்த இலைமேல் நாம் சுமத்துவது அதனால் தாங்க முடியாத பாரம்.

சித்த மருத்துவம்கூட இலையை மட்டும் நம்பவில்லை. இரத்தசோகைக்கு அது தரும் அன்னபேதிச் செந்தூரத்தின் மூலப்பொருளான அன்னபேதி ஓர் இரும்பு உப்பு, வேதியியலில் ஃபெரஸ் சல்பேட். அரசு மாத்திரையில் பெரும்பாலும் இருப்பதும் அந்த உப்புத்தான். வளரிளம் பெண்கள் 2,648 பேரைக் கொண்டு தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் வேறு சில நிறுவனங்களும் சேர்ந்து செய்து 2024-இல் வெளியான ஆய்வில், அன்னபேதிச் செந்தூரம், பாவனக் கடுக்காய், மாதுளை மணப்பாகு, நெல்லிக்காய் லேகியம் நான்கையும் 45 நாள் கொடுத்திருக்கிறார்கள். அதற்கு முன் புழு நீங்கக் கடுக்காய்ச் சூரணம். ஹீமோகுளோபின் ஏறியது என்கிறது ஆய்வு. இரும்பு, கூடவே புளிப்பு, முதலில் குடற்புழுவைத் தீர்ப்பது. எந்தப் பக்கத்து மருத்துவர் பார்த்தாலும் புரிந்துகொள்ளக்கூடிய வரிசை இது. மருத்துவங்களுக்கு நடுவே சண்டை மூட்டிவிட்டு அதில் ஒரு கட்சியில் சேர்ந்துகொள்ள எனக்கு ஆசையில்லை. இரத்தசோகை என்று தெரிந்த பெண்ணுக்கு மாத்திரையோ செந்தூரமோ முறையான மருத்துவர் தந்து, அது உடம்பில் ஏறியதா என்று மறுபடி சோதித்துப் பார்க்க வேண்டும். ‘இயற்கையா ஏத்திக்கலாம்’ என்று அவளைத் திருப்பி அனுப்புவது சிக்கனம், வைத்தியம் ஆகாது.

இன்னொன்றும் உண்டு. இரத்தம் ஏன் குறைந்தது என்று யாரும் கேட்பதில்லை. மாதாமாதம் எத்தனை நாள் போகிறது, கட்டி கட்டியாகப் போகிறதா, கர்ப்பப்பையில் கட்டி இருக்கிறதா, எத்தனை பிரசவம், என்ன இடைவெளி, கருக்கலைப்பு நடந்ததா, வெறுங்காலோடு வெளிக்குப் போய்க் கொக்கிப்புழு ஏறியதா? இவற்றில் ஒன்றைக்கூடக் கேட்காமல் ‘கீரை சாப்பிடு’ என்று சொல்லிவிடலாம். சொல்கிறவருக்கு அது எவ்வளவு வசதி! 2019–21-இல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயதுப் பெண்களில் இரத்தசோகை உள்ளவர்கள் இந்தியாவில் 57 சதவீதம், தமிழ்நாட்டில் 53.4 சதவீதம். அதே வயது ஆண்களில் நாட்டளவில் 25 சதவீதம். ஒரே அடுப்பு, ஒரே பானை. பாதிக்கு மேற்பட்ட பெண்கள் கீரை தின்ன மறந்துபோனதால்தான் இப்படி ஆனார்கள் என்று யாராவது சொல்ல முடியுமா?

திருக்குறளில் ‘மருந்து’ என்றே ஓர் அதிகாரம் உண்டு, 95-ஆவது. பத்துக் குறளில் ஆறு, அளவறிந்து உண்பதைப் பற்றியவை. முன் உண்டது செரித்த பின் உண்ண வேண்டும், நன்றாகப் பசித்த பின் உண்ண வேண்டும், மிஞ்சி உண்டால் நோய் வரும் என்பவை. படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். இந்த அறிவுரை யாருக்காகத் தட்டு போடப்பட்டிருக்கிறதோ அவருக்கானது. பசித்த பின் உண் என்றால், பசிக்கும் நேரத்தில் உணவு காத்திருக்கிறது என்று பொருள். பசித்து வெகுநேரம் கழித்து, எல்லாரும் உண்டு எழுந்த பின், பானையைச் சாய்த்துப் பார்க்கிறவளுக்கு அதில் சொல் இல்லை. அதிகாரத்தின் கடைசிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறாகப் பிரிக்கிறது: நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிலிருந்து செய்கிறவர். மருத்துவம் ஓர் ஆளால் ஆகிற காரியம் இல்லை என்ற அந்தப் பார்வைமேல் எனக்கு மரியாதை உண்டு. அதை வைத்துக்கொண்டு ‘கீரை சாப்பிடும்மா’வைப் பாருங்கள். நோயாளி அவள். வீட்டு வைத்தியம் அறிந்தவள் என்பதால் மருத்துவரும் அவள். மருந்தைத் தேடிப் பறித்து வருகிறவள் அவள். ஆய்ந்து, அலசி, கடைந்து, பரிமாறி, அருகிலிருந்து செய்கிறவளும் அவள். நான்கு கூறும் ஒருத்தி தலையில். குணமாகாவிட்டால் குற்றவாளியும் அவளே: “சொன்னா கேட்டாத்தானே, ஒழுங்கா சாப்பிட்டாத்தானே.”

அறம் சார்ந்த கேள்வி எனக்கு இங்கேதான் இருக்கிறது. ஒரு பொருளை மருந்து என்று அழைத்தவுடன் அதை உட்கொள்வது நோயாளியின் கடமையாகிவிடுகிறது. அதையே உணவு என்று அழைத்தால் வேறு கேள்விகள் எழும். உணவு எங்கிருந்து வரும், யார் வாங்குவது, கூலி எவ்வளவு, யார் சமைப்பது, யார் முதலில் சாப்பிடுவது? உணவே மருந்து என்ற முழக்கத்தில் நான் ஐயப்படுவது இந்தச் சறுக்கலைத்தான். வயிற்றுக்கு வேண்டியதைக் கேட்க வேண்டியவளை, மருந்தை ஒழுங்காகச் சாப்பிடாத நோயாளியாக அது மாற்றிவிடுகிறது.

பாட்டிமார் அறிவெல்லாம் பெண்ணுக்கு இதமானது என்றும் சொல்லிவிட முடியாது. பிள்ளை பெற்றவளுக்குக் கீரையே கூடாது என்று மாதக்கணக்கில் நிறுத்திவைக்கும் வீடுகள் இந்த இரண்டு மாவட்டத்திலும் உண்டு. குழந்தைக்கு மாந்தம் வரும், வயிறு போகும் என்பார்கள். தண்ணீரைக்கூட அளந்து கொடுப்பார்கள். இரத்தம் இழந்து கிடக்கும் உடம்புக்கு மிளகும் பூண்டும் கருவாடும் பிரசவ லேகியமும் கொடுக்கும் அதே பத்தியம், காயையும் பழத்தையும் தடுத்துவிடுகிறது. குழந்தைக்கு ஆகாது என்ற ஒரு காரணம் போதும், தாய்க்கு ஆகுமா என்ற கேள்வி எழுவதே இல்லை. மரபில் எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது என்று தீர்மானிக்கும் இடத்தில் பிள்ளை பெற்றவள் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்த அளவுகோல்.

அரசு இதைக் கவனிக்காமல் இல்லை. 2024 நவம்பர் 15-ஆம் தேதி ‘ஊட்டச்சத்தை உறுதி செய்’ திட்டத்தின் இரண்டாம் கட்டத்தை முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அரியலூர் மாவட்டம் வாரணவாசி அங்கன்வாடியில்தான் தொடங்கிவைத்தார். ஆறு மாதத்துக்கு உட்பட்ட, எடை மிகக் குறைந்த குழந்தைகளின் தாய்மாருக்கு நெய், பேரீச்சம்பழம், சத்துமாவு, இரும்புச்சத்து டானிக் அடங்கிய பெட்டகம். முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவித் திட்டத்திலும் பணத்தோடு இப்படி ஒரு பெட்டகம் உண்டு. ‘கீரை சாப்பிடு’ என்று சொல்லிவிட்டுப் போகாமல் உணவையே கையில் கொடுக்கிறது என்பதால் இவை எனக்குப் பெரிய விஷயம். குழந்தை மெலிந்திருந்தால் முதலில் தாயின் வயிற்றைப் பார் என்பதும் சரியான மருத்துவம்.

என் மனதில் உறுத்துவது வேறு. பள்ளிக்கூடத்தில் வாரம் ஒரு நீல மாத்திரை, வயிற்றில் பிள்ளை இருந்தால் தினம் ஒரு சிவப்பு மாத்திரை, பால் கொடுத்தால் பெட்டகம். குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்ட முப்பத்தைந்து வயதுக்காரி? நாற்பத்தெட்டு வயதில் மாதம் பத்து நாள் போய்க்கொண்டிருக்கிறவள்? குழந்தையே இல்லாதவள்? 2018-இல் தொடங்கிய இரத்தசோகையற்ற இந்தியா திட்டத்தின் ஏட்டில் இந்த வயதுப் பெண்களுக்கும் வாரம் ஒரு மாத்திரை உண்டு. பேச்சிலும் சுவரொட்டியிலும் அவர்கள் இல்லை. பெண்ணின் இரத்தம் இன்னொரு உயிருக்குப் போகும் வழியாக இருக்கும்வரை எண்ணப்படுகிறது. அவள் படியேறும்போது மூச்சு வாங்காமல் இருப்பதற்காக, சாயங்காலம் கண் இருட்டாமல் இருப்பதற்காக, அவளுக்காகவே அவள் இரத்தம் வேண்டும் என்று சொல்ல ஒரு வாக்கியம்கூட நம்மிடம் வழக்கில் இல்லை.

கீரை பற்றிய அறிவு யாருடையது என்பதும் இதோடு சேர்ந்த கேள்வி. மஞ்சளுக்கும் வேம்புக்கும் வெளிநாட்டில் காப்புரிமை வாங்கியதை எதிர்த்து வென்றோம். மஞ்சள் 1997-இல், வேம்பு 2000-இல், மேல்முறையீட்டையும் தாண்டி 2005-இல். அதையொட்டி இந்திய அரசு மரபறிவு மின்னூலகம் ஒன்றை உருவாக்கியது. ஆயுர்வேத, சித்த, யுனானி நூல்களில் எழுதியிருப்பதெல்லாம் அதில் ஏறியது. நூல். எழுதப்பட்டது. சித்தர் பெயரில் வழங்குவது. பெரம்பலூரை ஒட்டி எளம்பலூரில் பிரம்மரிஷி மலை இருக்கிறது, சித்தர்கள் வாழ்ந்த இடம் என்று கும்பிடுகிறார்கள். பிரண்டைக்கு முதலில் எண்ணெய் தடவிய கை யாருடையது என்று எந்த மலையிலும் பெயர் இல்லை. உயிரியல் பல்வகைமைச் சட்டத்துக்கு 2023-இல் வந்த திருத்தம், ஏடுகளில் பதிவான மரபறிவைப் பயன்படுத்துவோருக்குப் பயன் பகிர்விலிருந்து விலக்கு கொடுத்துவிட்டது. வாய்மொழியாகவே இருப்பதற்குப் பதிவு இல்லை, பதிவானதற்குப் பங்கு இல்லை. கீரையைச் சுத்தம் செய்வதை நாம் ‘ஆய்வது’ என்கிறோம். பழுத்ததை நீக்கி, பூச்சி அரித்ததை ஒதுக்கி, ஒன்றுபோல் தெரியும் இரண்டு செடியைக் காம்பை வைத்துப் பிரித்தறிவது. பல்கலைக்கழகத்தில் நடப்பதற்கும் அதே வினைதான். ஒன்றுக்குச் சம்பளமும் பட்டமும் உண்டு.

அரியலூர் மாவட்டத்தில் சில ஊர்களில் உண்மையிலேயே மூலிகை பயிராகிறது. கண்வலிக்கிழங்கு. நம் மாநிலப் பூவான செங்காந்தள்தான் அது. அதன் விதையிலிருந்து கீல்வாதத்துக்கான கோல்ச்சிசின் எடுக்கிறார்கள், வெளிநாட்டுக்குப் போகிறது. பூவின் சூல்தண்டு மகரந்தத்தைவிட்டு ஒருபக்கமாக வளைந்து நிற்பதால் தானாகக் காய் பிடிப்பது குறைவு. அதனால் காலை நேரத்தில் பந்தல் பந்தலாகப் போய், பூவுக்குப் பூ மகரந்தத்தைக் கையால் தொட்டு வைக்க வேண்டும். அதைச் செய்வது பெரும்பாலும் பெண்கள். செடியின் எல்லாப் பாகமும் விஷம். வேலை முடிந்ததும் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் தூக்குச்சட்டியைத் திறக்கிறார்கள். மூலிகைச் சாகுபடியால் கிராமத்து ஆரோக்கியம் பெருகும் என்று பேசுகிறவர்கள் ஒருநாள் காலையில் அந்தப் பந்தலுக்குள் நின்று பார்க்கலாம்.

குன்னம் பக்கத்துப் பெண்கள் இதையெல்லாம் என்னைவிடச் சுருக்கமாக யோசிக்கிறார்கள். கதிர் ஒடிக்க ஆள் கிடைக்காத சமயத்தில் கூலி பேசும்போது, கூலியோடு இன்னொன்றையும் சேர்த்துக் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள் சிலர். அடுத்த விதைப்புக்கு மருந்தடிக்கும்போது வரப்பையும், கிணற்றடியை ஒட்டிய மூலையையும் விட்டுவிட வேண்டும். கேட்பது கீரைக்கு என்று சொல்வதில்லை, ஆட்டுக்குத் தழை வேண்டும் என்கிறார்கள். ஆட்டுக்கு என்றால் காட்டுக்காரர்களுக்கு நியாயமாகப் படுகிறதாம். சிலர் ஒத்துக்கொண்டார்கள், சிலர் களை விதை காட்டுக்குள் பரவும் என்று மறுத்துவிட்டார்கள். ஒரு வீட்டில் காட்டுக்காரர் ஊரில் இல்லை, அவர் மனைவிதான் கூலி பேசினார். தழை எதற்கென்று அவருக்குச் சொல்லாமலே தெரிந்தது. அவருக்கும் சீட்டில் ஒன்பதோ என்னவோ எழுதியிருந்தார்களாம். “எனக்கும் ரெண்டு கட்டு சேர்த்துக் கிள்ளிப் போடுங்கடி” என்றவர், கொஞ்ச நேரம் கழித்து, “ஆனா மருந்தடிக்கிறவனுக்கு உத்தரவு போடுறது அவருதான். நான் சொல்லிப் பாக்குறேன்” என்றாராம். பட்டா அவர் பெயரில் இல்லை.